மறுப்பவருக்கும் இடம் உண்டா?

கேள்வி: நாங்கள் சிலர் சேர்ந்து, பொது விஷயங்களை விவாதிக்கும் ஒரு வட்டத்தை நடத்தி வருகிறோம். அண்மையில் மூன்று கூட்டங்கள் மனக்கசப்பில் முடிந்தன. "என் மத நம்பிக்கையின்படிதான் வாக்களிக்கிறேன், அதில் என்ன தவறு?" என்று ஒருவர் கேட்டார். அரசின் போர்க் கொள்கையைக் குறைசொன்ன இன்னொரு உறுப்பினரை ஒருவர் "தேசத்துரோகி" என்று சொல்லிவிட, அவர் வருவதையே நிறுத்திவிட்டார். தொழில் நடத்தும் நண்பரோ, வேட்பாளருக்கு நன்கொடை கொடுப்பது தன் உரிமை என்றும் அதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்றும் வாதிட்டார். மதம், தேசபக்தி, வணிகம் மூன்றையும் வாசலுக்கு வெளியே நிறுத்தினால்தான் ஜனநாயகம் பிழைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் வட்டத்தில் இம்மூன்றையும் பேசக்கூடாது என்று ஒரு விதி செய்யலாமா? அரசியல் சட்ட வழக்கறிஞர் என்ற முறையில் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள ஐயா,

அந்த விதியைச் செய்யாதீர்கள் என்பதே என் முதல் ஆலோசனை. மனிதர்கள் எதை நம்பி வாழ்கிறார்களோ, எதற்காக உயிரையும் கொடுக்கத் துணிகிறார்களோ, எதைக் கொண்டு பிழைக்கிறார்களோ, அவற்றையெல்லாம் விலக்கிவிட்டுப் பொது விவாதம் நடத்தினால் அங்கே பேசுவதற்கு ஏதும் மிஞ்சாது. அரசியல் சட்டங்களும் அப்படி விலக்கியதில்லை. இந்திய அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு மனச்சாட்சியின் சுதந்திரத்தையும் மதத்தைக் கடைப்பிடிக்கும் உரிமையையும் தருகிறது. 19-ஆவது பிரிவு பேச்சுரிமையோடு தொழிலும் வணிகமும் செய்யும் உரிமையைத் தருகிறது. தேசியக் கொடியையும் தேசிய கீதத்தையும் மதிப்பது குடிமக்களின் கடமைகளில் ஒன்றாக 51-அ பிரிவில் இடம்பெற்றிருக்கிறது. சொற்கள் வேறுபட்டாலும், ஏனைய ஜனநாயக நாடுகளின் சட்டங்களிலும் இந்த மூன்றுக்கும் ஏதோ ஒரு வகையில் பாதுகாப்பு இருக்கிறது.

ஆகவே, இவை உள்ளே இருக்கலாமா என்பது எப்போதோ தீர்ந்துபோன கேள்வி. உள்ளே இருக்கும்போது எந்த அதிகாரத்தோடு இருக்கின்றன என்பதைத்தான் நாம் கண்காணிக்க வேண்டும். இதற்கு நான் நம்பிப் பயன்படுத்தும் அளவுகோல் ஒன்று உண்டு. வழிபட மறுப்பவர், பாட மறுப்பவர், பணம் கொடுக்க மறுப்பவர் அல்லது கொடுக்க வழியில்லாதவர் ஆகியோர், அந்த மறுப்புக்குப் பிறகும் மற்றவர்களுக்குச் சமமான குடிமக்களாக இருக்கிறார்களா என்று பாருங்கள். இருக்கிறார்கள் என்றால் மதமும் தேசபக்தியும் வணிகமும் தத்தம் இடத்தில் இருக்கின்றன. இல்லையென்றால், வாக்குப்பெட்டி மட்டுமே கொடுக்கக்கூடிய அதிகாரத்தை அவற்றில் ஏதோ ஒன்று வேறு வழியில் எடுத்துக்கொண்டுவிட்டது.

மதத்தைப் பற்றிக் கேட்ட உங்கள் உறுப்பினரிடமிருந்து தொடங்குகிறேன். நம்பிக்கையின்படி வாக்களிப்பதில் தவறு எதுவும் இல்லை. ஒருவர் வாக்குச்சாவடிக்குள் போகும்போது தன் மனச்சாட்சியைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கேட்பதில்லை, கேட்கவும் முடியாது. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தை முன்னெடுத்த மார்ட்டின் லூதர் கிங் ஒரு பாதிரியார். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சியை எதிர்த்து நின்ற டெஸ்மண்ட் டூட்டு, கேப் டவுனின் பேராயராக இருந்தவர். இவர்களிடம் மதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தால் இவர்களின் பேச்சில் உயிரே இருந்திருக்காது. ஆனால் அதே தென்னாப்பிரிக்காவில், நிறவெறிக்கு வேதநூலிலிருந்தே நியாயம் எடுத்துக் கொடுத்தது டச்சு சீர்திருத்தத் திருச்சபை. இரு தரப்பும் வணங்கியது ஒரே கடவுளை, ஓதியது ஒரே நூலை. எனவே, ஒரு வாதம் மதத்திலிருந்து பிறந்தது என்பதை மட்டும் வைத்து அது பொதுவாழ்வுக்கு நல்லது என்றோ கெட்டது என்றோ முடிவுகட்ட இயலாது.

எல்லைக்கோடு வேறிடத்தில் இருக்கிறது. என் நம்பிக்கை என்னை ஒரு கொள்கையின் பக்கம் கொண்டுவந்து நிறுத்தலாம். அந்தக் கொள்கை எல்லோரையும் கட்டுப்படுத்தும் சட்டமாக மாறும்போது, என் நம்பிக்கையைப் பகிராதவரும் எடைபோட்டுப் பார்க்கக்கூடிய காரணங்களை நான் முன்வைத்தாக வேண்டும். வட்டி வாங்குவது பாவம் என்று நம்புகிறவர் கந்துவட்டிக்கு எதிராகச் சட்டம் கேட்கலாம். கடனாளிக் குடும்பங்கள் என்ன ஆகின்றன என்பதை அவர் எடுத்துக் காட்டினால் நம்பிக்கை இல்லாதவரும் அதைச் சோதித்து ஏற்கவோ மறுக்கவோ முடியும். கடவுள் தடுத்திருக்கிறார் என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டால் எதிர்த்தரப்பு பதில் சொல்லவே வழியில்லாமல் போகிறது. பதில் சொல்ல வழியில்லாத ஒன்றைச் சட்டமாக்குவது, மறுப்பவரைக் கணக்கிலேயே எடுக்காமல் விடுவதுதான்.

அரசுக்கும் மதத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்பதில் நாடுகள் ஒன்றுபோல் இல்லை. அமெரிக்காவில் 1791-இல் ஏற்கப்பட்ட முதல் திருத்தம், மதத்தை நிறுவும் சட்டம் எதையும் காங்கிரஸ் எனப்படும் அந்நாட்டு நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்கிறது. பிரான்ஸ் 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் திருச்சபைகளையும் அரசையும் பிரித்தது. பிரிட்டனிலோ இங்கிலாந்துத் திருச்சபையின் 26 ஆயர்கள் இன்றும் நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபையில் பதவிவழி உறுப்பினர்கள். ஏட்டளவில் மூன்றும் வெவ்வேறு ஏற்பாடுகள். ஆயினும் தேவாலயத்தை மிதிக்காத ஒருவர் இந்த மூன்று நாடுகளிலும் தேர்தலில் நின்று ஆட்சிக்கு வர முடியும். சுவர் எவ்வளவு உயரம் என்பதைவிட இது முக்கியம் என்பது என் எண்ணம்.

இதில் ஒரு சிக்கலை மறைக்க விரும்பவில்லை. இந்தியாவில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவு, மதம், இனம், சாதி, சமூகம், மொழி ஆகியவற்றின் பேரில் வாக்குக் கேட்பதைத் தேர்தல் முறைகேடாக வகைப்படுத்துகிறது. அந்தத் தடை வேட்பாளரின் மதத்துக்கு மட்டும் பொருந்துமா, வாக்காளரின் மதத்துக்கும் பொருந்துமா என்ற கேள்வி எழுந்தபோது, 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு நான்குக்கு மூன்று என்று பிரிந்தது. வாக்காளருக்கும் பொருந்தும் என்றனர் நால்வர். மதத்தாலும் சாதியாலும் காலங்காலமாக ஒதுக்கப்பட்டவர்கள், அந்த ஒதுக்கலைத் தேர்தல் மேடையில் பேசக்கூட முடியாமல் போய்விடும் என்பது மற்ற மூவரின் கவலை. அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். "நானும் உன் மதம், எனவே எனக்கு வாக்களி" என்பது ஒன்று. "உன் மதத்தின் காரணமாக உனக்கு இழைக்கப்படும் அநீதியை நீக்குவேன்" என்பது வேறொன்று. முதலாவது மற்ற வாக்காளர்களை அந்நியராக்குகிறது. இரண்டாவது அவர்கள் காதிலும் விழ வேண்டிய செய்தி.

தேசபக்தியைச் சிலர் ஜனநாயகத்துக்கு ஆபத்தான உணர்ச்சியாகவே பார்க்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. தேர்தலில் தோற்றவர் ஆயுதம் எடுக்காமல் வீட்டுக்குப் போகிறாரே, அதை எது சாத்தியமாக்குகிறது? வென்றவரும் என் நாட்டவர், என் எதிராளியே ஒழிய எதிரி அல்லர், அடுத்த முறை எனக்கும் வாய்ப்பு வரும் என்ற எண்ணம்தானே? முகம் தெரியாத ஒருவரின் மருத்துவத்துக்காகவும் படிப்புக்காகவும் வரி கொடுக்க மனிதர்கள் சம்மதிப்பதற்கும் அடியில் இருப்பது இந்த உறவுணர்வுதான். அது வற்றிப்போன நாட்டில் தேர்தல் நடந்தாலும் அதன் முடிவை ஏற்க ஆள் இருக்காது.

ஆனால் அந்த உணர்வை வற்புறுத்தி வரவழைக்க முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க வரலாற்றில் கசப்பான பாடம் ஒன்று இருக்கிறது. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கொடியை வணங்குவதைத் தங்கள் நம்பிக்கைக்கு எதிரானதாகக் கருதுபவர்கள். அவர்களின் பிள்ளைகளும் பள்ளியில் கொடிக்கு வணக்கம் செய்தே தீர வேண்டும் என்று 1940-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து நாட்டின் பல பகுதிகளில் அந்தப் பிரிவினர் தாக்கப்பட்டார்கள். மூன்றே ஆண்டுகளில், 1943-இல், உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரத்திலேயே, அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றியது. அரசியலிலோ தேசியத்திலோ மதத்திலோ எது சரியான கருத்து என்று எந்த அதிகாரியும் விதிக்க முடியாது, எந்தக் குடிமகனையும் அதை வாயால் சொல்ல வைக்கவும் முடியாது என்று நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதினார். நாடே போரில் இருக்கும்போது இதை எழுதுவதற்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவையும் நான் தேசபக்தி என்றே சொல்வேன்.

கேரளத்தில் இதே பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதம் பாடப்படும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. அதற்காக 1985-இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். மறு ஆண்டு அவர்களைத் திரும்பச் சேர்க்க ஆணையிட்ட இந்திய உச்ச நீதிமன்றம், பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, எழுந்து நின்றவர் அவமதித்தவர் ஆகமாட்டார் என்றது. நம் மரபு சகிப்புத்தன்மையைக் கற்பிக்கிறது, நம் அரசியல் சட்டம் அதை நடைமுறைப்படுத்துகிறது, அதை நீர்த்துப்போக விடக்கூடாது என்ற பொருளில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்தத் தீர்ப்பை முடித்தார். இவ்வளவு தெளிவான தீர்ப்பு இருந்தும், 2016 நவம்பரில் அதே நீதிமன்றம் திரையரங்குகளில் தேசிய கீதத்தைக் கட்டாயமாக்கியது. 2018 ஜனவரியில் அந்தக் கட்டாயத்தைத் தானே நீக்கியது. நீதிமன்றங்களும் தடுமாறும் இடம் இது.

உங்கள் வட்டத்தில் ஒருவர் போர்க் கொள்கையைக் குறைசொன்னார். போருக்கு ஆகும் செலவையும் அதில் போகும் உயிர்களையும் பற்றிக் கேட்பது குடிமகனின் வேலை. தன் நாடு தவறு செய்துவிடக் கூடாதே என்று தவிப்பவர், தன் நாடு எது செய்தாலும் சரி என்பவரைவிட அந்த நாட்டை எந்த விதத்திலும் குறைவாக நேசிப்பவர் அல்லர். பிரான்சில் ஆல்பிரட் டிரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரி செய்யாத துரோகத்துக்காக 1894-இல் தண்டிக்கப்பட்டபோது, ராணுவத்தின் மானத்தைக் காக்க உண்மையை மூடிவைக்க வேண்டும் என்றவர்கள் தங்களையே தேசபக்தர்கள் என்று அழைத்துக்கொண்டார்கள். அவர் குற்றமற்றவர் என்று 1906-இல் நிலைநாட்டப்பட்டது. நாட்டின் மானத்தைக் காப்பாற்றியவர்கள் யார் என்பதில் இன்று பிரான்சில் எவருக்கும் பெரிய ஐயம் இல்லை. எனவே அந்த உறுப்பினரை நீங்களே நேரில் போய்ப் பார்த்து, அவர் மேல் வீசப்பட்ட சொல் வட்டத்தின் கருத்து அல்ல என்று சொல்லி, அடுத்த கூட்டத்தில் அவர் விட்ட இடத்திலிருந்து பேச அழையுங்கள். துரோகம் என்பது நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட வேண்டிய குற்றம். கருத்து வேறுபாட்டுக்கு அதைப் பெயராகச் சூட்டக் கூடாது என்பதை மற்றவரிடமும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

இனி வணிகம். உங்கள் கடிதத்தில் இது கடைசியில் வருகிறது. என் கவலையில் இதுதான் முதலில் வருகிறது. மதமும் தேசபக்தியும் எல்லை மீறும்போது சத்தம் கேட்கும், யாராவது காயப்படுவது கண்ணுக்குத் தெரியும். பணம் எல்லை மீறும்போது சத்தமே இருக்காது.

முதலில் வணிகத்தின் பக்கம் உள்ள நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். எல்லா வேலையும் அரசின் கையில் இருக்கும் நாட்டில் அரசை எதிர்ப்பவருக்கு அடுத்த நாள் சோறு கிடையாது. தன் கடையையோ தொழிலையோ நம்பி வாழும் மனிதர், அமைச்சரின் முகத்தைப் பார்த்துத் தயங்காமல் பேச முடிகிறது. சொந்த வருமானத்தில் நடக்கும் பத்திரிகைதான் ஆட்சியாளரின் தவற்றை அச்சிடுகிறது. வணிகர்கள் மேல் பொதுவாக வெறுப்பைக் காட்டும் பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் சந்தையும் ஜனநாயகமும் எண்ணும் முறையே வேறு. கம்பெனிக் கூட்டத்தில் பங்குகளை எண்ணுகிறார்கள். அதிகப் பங்கு வைத்திருப்பவருக்கு அதிக வாக்கு. அங்கே அது நியாயம். தேர்தலில் தலைகளை எண்ணுகிறோம். இந்த இரண்டையும் கலக்காமல் வைத்திருப்பதற்கு மனிதர்கள் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. பிரிட்டனில் ஆண்களுக்குச் சொத்துத் தகுதி இல்லாமல் வாக்குரிமை கிடைத்தது 1918-இல்தான். அதற்குப் பிறகும், வேறு தொகுதியில் வணிக இடம் வைத்திருந்தவருக்கு அங்கே இரண்டாவது வாக்கு இருந்தது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதை நாடாளுமன்றத் தேர்தலிலிருந்து ஒழித்தது. இந்தியா தன் முதல் பொதுத்தேர்தலிலேயே, 1951-52-இல், சொத்தும் படிப்பும் கேட்காமல் வயது வந்த அனைவருக்கும் சமமான வாக்குரிமையைக் கொடுத்தது.

வணிகமே ஆட்சியாக மாறினால் என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியாததல்ல. வியாபாரம் செய்ய 1600-இல் பட்டயம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, 1765-இல் வங்கத்திலும் பீகாரிலும் ஒரிசாவிலும் வரி வசூலிக்கும் உரிமையை வாங்கிக்கொண்டது. அதன் ஆட்சி 1858 வரை நீடித்தது. அந்த நிலங்களின் மக்கள் யாரிடமும் முறையிட முடியவில்லை. கம்பெனி கணக்குக் காட்ட வேண்டியிருந்தது லண்டனிலிருந்த தன் பங்குதாரர்களுக்கு. அந்தப் பங்குகளை பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலரும் வைத்திருந்தார்கள்.

இரண்டாவது வாக்கு இன்று வாக்குச்சீட்டாக வருவதில்லை, நன்கொடையாக வருகிறது. 1957-இல் டாட்டா இரும்பு எஃகு நிறுவனம், அரசியல் கட்சிகளுக்கு நிதி கொடுக்க ஏதுவாகத் தன் அமைப்பு விதிகளைத் திருத்த விரும்பியது. தடுக்கச் சட்டம் இல்லாததால் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை அனுமதித்தது. ஆனால் அனுமதித்த தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளாவே, பெருநிறுவனப் பணம் கட்சிகளுக்குள் பாய்வது வளர்ந்து ஒருநாள் ஜனநாயகத்தின் குரல்வளையை நெரித்துவிடலாம் என்று எச்சரித்து, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்று எழுதினார். 1969-இல் கம்பெனி நன்கொடை தடை செய்யப்பட்டது. 1985-இல் நிபந்தனைகளோடு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று வரம்பு கட்டியது. 2017-இல் அந்த வரம்பு நீக்கப்பட்டது. வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கும் தேர்தல் பத்திரத் திட்டமும், கொடுத்தவர் பெயர் வாக்காளருக்குத் தெரியாதபடி கொண்டுவரப்பட்டது. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 பிப்ரவரி 15 அன்று ஒருமனதாக இரண்டையும் செல்லாது என்று அறிவித்தது. தான் வாக்களிக்கப்போகும் கட்சிக்கு யார் பணம் கொடுக்கிறார் என்பதை அறிவது வாக்காளரின் பேச்சுரிமைக்குள்ளேயே அடங்கும் என்பது அந்தத் தீர்ப்பின் உயிர்நாடி.

இதற்கு மறுபக்கத்தில் நிற்பவர்கள் அமெரிக்காவின் 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் சுட்டுவார்கள். நிறுவனங்கள் வேட்பாளரிடம் கொடுக்காமல் தாங்களே செய்யும் தேர்தல் பிரசாரச் செலவைக் கட்டுப்படுத்தக் கூடாது என்று அங்கே ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மை சொன்னது. அதை நான் ஏற்கவில்லை. பணம் பேச்சுக்கு உதவலாம், பணமே பேச்சு ஆகிவிடாது. ஆனால் பலர் கவனிக்காத ஒன்று அதே தீர்ப்பில் இருக்கிறது: செலவழித்தவர் பெயரை வெளியிட வேண்டும் என்ற விதியை எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அந்த நீதிமன்றம் நிலைநிறுத்தியது. பணத்துக்கு அவ்வளவு சுதந்திரம் கொடுத்தவர்களே மறைவுக்கு உரிமை கொடுக்கவில்லை. பிரான்ஸ் 1995 முதல் நிறுவன நன்கொடையையே அனுமதிப்பதில்லை. கனடா 2007 முதல் கூட்டாட்சித் தேர்தல்களில் நிறுவனங்களையும் தொழிற்சங்கங்களையும் சேர்த்தே விலக்கியிருக்கிறது. ஜெர்மனி அனுமதிக்கிறது, ஆனால் ஒருவர் ஓராண்டில் ஒரு கட்சிக்கு 10,000 யூரோவுக்கு மேல் கொடுத்தால் பெயரை வெளியிடச் செய்கிறது. தடை நல்லதா, வரம்பு நல்லதா என்பதில் நேர்மையான கருத்து வேறுபாட்டுக்கு இடம் இருக்கிறது. முழுத் தடை பணத்தைக் கறுப்பாக்கி மேசைக்கு அடியில் தள்ளிவிடும் என்ற வாதம் வலுவானது. ரகசியத்தை ஆதரிக்க மட்டும் ஒரு நல்ல காரணமும் எனக்குத் தென்படவில்லை. எதிர்க்கட்சிக்குக் கொடுத்தது தெரிந்தால் ஆட்சியில் இருப்பவர் பழிவாங்குவார் என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அந்தப் பழிவாங்கலைத்தான் சட்டத்தால் தடுக்க வேண்டும். மேலும், பத்திரங்களை விற்றதே அரசு வங்கி என்னும்போது, ஆட்சியாளருக்குத் தெரியக்கூடிய ஒன்று வாக்காளருக்கு மட்டும் தெரியாமல் போகிறது.

இம்மூன்றும் தனித்தனியே வரும்போது ஜனநாயகம் சமாளித்துவிடுகிறது என்பது என் அனுபவம். ஒன்று மற்றொன்றின் உடையைப் போட்டுக்கொண்டு வரும்போதுதான் திணறுகிறது. ஒரு நிறுவனத்தின் ஒப்பந்தத்தைக் கேள்வி கேட்பவர் நாட்டின் முன்னேற்றத்துக்கே எதிரி என்று சொல்லப்படும்போது, வணிகம் தேசபக்தியின் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. ஒரு மதத்தைச் சேராதவரின் நாட்டுப்பற்று சந்தேகிக்கப்படும்போது, மதம் நாட்டின் பெயரால் பேசத் தொடங்குகிறது. உங்கள் வட்டத்தில் இப்படி ஒரு வாதம் வந்தால், அந்த உடையைக் கழற்றிவிட்டுப் பேசச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தின் விலை சரியா என்றால் விலையைப் பற்றியே பேசட்டும்.

தொழில் நடத்தும் உங்கள் நண்பருக்கு நான் சொல்வது இது. நன்கொடை கொடுப்பது சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு அவருடைய உரிமைதான். நல்லவர் என்று தான் நம்பும் வேட்பாளரைத் தாங்குவது பொதுநலப் பணியும்கூட. ஆனால் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்பதை நான் ஒப்பவில்லை. காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுக்கட்டும், ரசீது வாங்கட்டும், நிறுவனத்தின் பணம் என்றால் இயக்குநர் குழுவின் தீர்மானத்தோடு கொடுத்து, கணக்கிலும் காட்டட்டும். கொடுத்தபின் அந்த வேட்பாளர் வென்று, நண்பரின் தொழில் சம்பந்தப்பட்ட உரிமமோ ஒப்பந்தமோ அவர் மேசைக்கு வந்தால், நன்கொடை கொடுத்ததை அந்த விண்ணப்பத்தோடு எழுத்தில் தெரிவித்துவிடட்டும். அப்படித் தெரிவிக்கத் தயக்கமாக இருக்கும் என்று இப்போதே அவருக்குத் தோன்றினால், அந்த நன்கொடையைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.